ஜமாஅத் பதிவேடும் ஓர் அமானிதமே: மஹல்லாவின் இணையச் செயலியைப் பாதுகாப்பது எப்படி?

ஒரு காலத்தில் மஹல்லாவின் விவரங்கள் அனைத்தும் பள்ளிவாசல் அலுவலகத்தில் இருந்த ஓர் இரும்பு பீரோவுக்குள் அடங்கியிருந்தன. நிகாஹ் தஃப்தர், சந்தா நோட்டு, மௌத் பதிவேடு, பைத்துல்மால் மனுக்கள், தலாக், குலா விவகாரங்களில் எழுதி வாங்கிய கடிதங்கள் என எல்லாம் அதில் இருக்கும். சாவி செயலாளரின் இடுப்பில் இருக்கும். யாராக இருந்தாலும் அவரிடம் கேட்டுத்தான் திறக்க வேண்டும்.

இன்று பல ஊர்களில் அந்தப் பீரோ கணினிக்குள் போய்விட்டது. கணினி படித்த நம் இளைஞர்கள் அல்லாஹ்வுக்காக என்று உழைத்து, மஹல்லாவுக்கென ஓர் இணையச் செயலியை எழுதித் தருகிறார்கள். மாத வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்து, அதில் அந்தச் செயலியை நிறுவி, ஜமாஅத்தே அதை நடத்துகிறது. சந்தா ரசீது, ஜகாத் மனு, மக்தப் சேர்க்கை, நிகாஹுக்கான தடையில்லாச் சான்று எல்லாம் செல்போனிலேயே முடிந்துவிடுகின்றன. மாஷா அல்லாஹ், நல்ல முயற்சி. ஆனால் அந்தப் பீரோவின் சாவி இப்போது யார் கையில் இருக்கிறது என்று நம்மில் பலர் கேட்பதில்லை. நாமும் கேட்காமல்தான் இருந்தோம். ஒரு மாணவர் வந்து கேட்க வைத்தார்.

ஓர் எண்ணை மாற்றியபோது

நாம் பணியாற்றும் மஹல்லாவில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. ரமளான் மாதம். அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"ஹஜ்ரத், ஒரு விஷயம் சொல்லணும். திட்ட மாட்டீங்கள்ல?"

"சொல்லுங்க தம்பி."

அவர் செல்போனை நீட்டினார். அவருடைய உம்மா கல்வி உதவி கேட்டுக் கொடுத்த மனு திரையில் இருந்தது. மேலே இணைய முகவரியின் கடைசியில் 212 என்ற எண் இருந்தது. அதை அழித்துவிட்டு 213 என்று போட்டார். வேறொரு வீட்டின் மனு அப்படியே திறந்தது.

கணவரை இழந்த ஒரு சகோதரி, மகளின் நிகாஹுக்கு உதவி கேட்டு எழுதிய மனு அது. எவ்வளவு கடன், யாரிடம் வாங்கியது, எந்த நகை எங்கே அடகில் இருக்கிறது என்றெல்லாம் அதில் இருந்தன. ஆதார் நகலும் மகளின் புகைப்படமும் இணைக்கப்பட்டிருந்தன. "எங்க அண்ணன் வீட்டுக்குக்கூடத் தெரிய வேண்டாம் ஹஜ்ரத்" என்று சொல்லித்தான் அந்தச் சகோதரி அதை நம்மிடம் கொடுத்திருந்தார்.

அன்று தராவீஹுக்கு முன்பே செயலியை நிறுத்தச் சொன்னோம். சர்வரின் வருகைக் குறிப்பேட்டைப் பார்த்தபோது, சில நாட்களுக்கு முன் ஓர் இரவில் யாரோ ஒருவர் வரிசையாக நாற்பதுக்கும் மேற்பட்ட மனுக்களைத் திறந்து பார்த்திருப்பது தெரிந்தது. பார்த்தவர் யார் என்று தேடுவதை விட, பார்க்கப்பட்டவர்களிடம் உண்மையைச் சொல்வதே முதல் கடமை என்று முடிவு செய்தோம். நாமும் செயலாளரும் ஒவ்வொரு வீடாகச் சென்று நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். சிலர் கோபப்பட்டார்கள். சிலர் "பரவாயில்லை" என்றார்கள். அந்தச் சகோதரி மட்டும் கதவுக்குப் பின்னால் இருந்தபடி "சரி ஹஜ்ரத்" என்றார். அதற்குப் பிறகு எந்த உதவிக்கும் அவர் ஜமாஅத்தில் மனு கொடுத்ததில்லை.

செயலியை எழுதிய தம்பியைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. வேலைக்குப் போய்வந்த நேரம் போக, இரவு கண்விழித்து ஒரு பைசா வாங்காமல் எழுதித் தந்தவர் அவர். "இதைப் பூட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்க வேண்டிய பொறுப்பு நம்முடையது. நாம் கேட்கவில்லை. அதன் பிறகு சில மாதங்கள் அவருடனும் விஷயம் தெரிந்த இரண்டு சகோதரர்களுடனும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதையே இங்கே எழுதுகிறோம். நாம் கிதாபு ஓதியவர்கள். கணினி படித்தவர்கள் அல்ல. எனவே நமக்கு விளங்கிய மொழியிலேயே சொல்கிறோம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (அல்குர்ஆன் 4:58). அமானிதம் என்றதும் நமக்குப் பணமும் நகையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, வேறு யாரும் கேட்டுவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தால், அந்தப் பேச்சே அமானிதம்தான் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. இது அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. "அண்ணன் வீட்டுக்குத் தெரிய வேண்டாம்" என்று ஒரு சகோதரி சொன்னால், அந்த மனு முழுவதும் அமானிதமாகிவிடுகிறது.

பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லி நுழையுமாறு சூரா அந்நூர் கற்றுத் தருகிறது (24:27). நபி (ஸல்) அவர்களின் வீட்டுக் கதவின் துவாரம் வழியாக ஒருவர் எட்டிப் பார்த்தபோது அவர்கள் கடுமையாகக் கண்டித்ததும், அனுமதி கேட்பது விதியாக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்று விளக்கியதும் புகாரியில் உள்ளது. எட்டிப் பார்ப்பவர் எதையும் எடுத்துச் செல்லவில்லை. பார்த்தது மட்டுமே குற்றமாயிற்று. இன்று செல்போன் திரையில் எண்ணை மாற்றிப் பார்ப்பதும் அதே துவாரம்தான். ஆனால் கதவில் துவாரத்தை விட்டு வைத்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழி நமக்கெல்லாம் மனப்பாடம். சர்வரை வாங்கி, கட்டாமலேயே தவக்குல் வைத்துவிட்டோம் என்பதுதான் நம் பிழை.

முதலாவது: அந்தரங்கம்

அந்தரங்கத்தைக் காக்கும் முதல் வழிக்குக் கணினி அறிவே தேவையில்லை. தேவையில்லாததைக் கேட்காமல் இருந்தால் போதும். நம் மனுப் படிவத்தில் 31 கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்து, "இது இல்லாமல் உதவி செய்ய முடியாதா?" என்று கேட்டுப் பார்த்தோம். 14 கட்டங்கள்தான் மிஞ்சின. நிகாஹ் உதவிக்கு மணப்பெண்ணின் புகைப்படம் எதற்கு? ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. நீக்கிவிட்டோம். ஆதாரில் முதல் 8 இலக்கங்களை மறைத்து, கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் நகலை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே எடுக்கலாம். ஆள் யார் என்று உறுதி செய்ய அது போதும். நம்மிடம் இல்லாத ஒன்றை யாராலும் திருட முடியாது.

இது மிகையான பயம் என்று யாரும் எண்ண வேண்டாம். 2021 ஜூலையிலும் 2022 ஜனவரி முதல் நாளிலும், முஸ்லிம் பெண்களின் புகைப்படங்களைச் சமூக வலைத்தளங்களிலிருந்து எடுத்து, அவர்களை ஏலம் விடுவதுபோல் இழிவுபடுத்திய இரண்டு செயலிகள் வெளிவந்ததை நாடே பார்த்தது. அந்தப் படங்கள் பொதுவெளியில் இருந்தவை. முகவரி, தொலைபேசி எண், குடும்ப நிலவரம் ஆகியவற்றோடு சேர்ந்த ஒரு மஹல்லாவின் பட்டியல் அப்படிப்பட்டவர்களின் கையில் கிடைத்தால் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, யார் எதைப் பார்க்கலாம் என்ற வரையறை. அந்த மாணவர் கடவுச்சொல் கொடுத்து முறைப்படிதான் உள்ளே வந்திருந்தார். செயலி "நீ யார்?" என்று கேட்டது; "இந்த மனுவைப் பார்க்க உனக்கு உரிமை உண்டா?" என்று கேட்கவில்லை. அங்கேதான் ஓட்டை. சூரா அந்நூரின் 58ஆம் வசனம் இங்கே நமக்கு நல்ல பாடம். வீட்டுக்குள்ளேயே நடமாடும் பணியாளர்களும் சிறுவர்களும்கூட ஃபஜ்ருக்கு முன், நண்பகலில், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும் என்கிறது அது. வீட்டுக்குள் இருப்பவர் என்பதால் எல்லா அறைகளும் அவருக்குத் திறந்தவை ஆகிவிடா. செயலியிலும் அப்படித்தான். ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும், அது அவருக்கு உரியதுதானா என்று சர்வர் மறுபடியும் சரிபார்க்க வேண்டும்.

212, 213 என்ற வரிசை எண்களுக்குப் பதிலாக, யாராலும் ஊகிக்க முடியாத நீண்ட குறியீடுகளை வைப்பதும் நல்லதே. ஆனால் அது கதவை மறைக்கும் திரை மட்டும்தான். பூட்டு என்பது அந்த உரிமைச் சரிபார்ப்பே.

நிர்வாகிகளுக்கும் இதே அளவுகோல்தான். பொருளாளருக்குச் சந்தாக் கணக்கு தெரிந்தால் போதும். மக்தப் உஸ்தாதுக்கு மாணவர் பட்டியல் போதும். பைத்துல்மால் மனுக்களை அதற்கென நியமிக்கப்பட்ட மூவர் மட்டும் பார்க்கலாம். நிர்வாகக் குழுவில் 15 பேர் இருக்கிறார்கள் என்பதற்காக 15 பேரும் ஒரு விதவையின் கடன் கணக்கைப் படிக்க வேண்டியதில்லை. தர்மத்தை மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது சிறந்தது என்று குர்ஆன் (2:271) சொல்வதில், பெறுபவரின் கண்ணியமும் அடங்கியிருக்கிறது அல்லவா?

மூன்றாவது, ஸனது. ஒரு ஹதீஸை யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற சங்கிலி இல்லாமல் நாம் ஏற்பதில்லை. பதிவேட்டிலும் எந்தப் பதிவை யார், எந்த நாள், எந்த நேரத்தில் திறந்தார், மாற்றினார் என்ற சங்கிலி தானாகப் பதிவாக வேண்டும். இந்தக் குறிப்பை நிர்வாகிகளாலும் அழிக்க முடியாதபடி வைக்க வேண்டும். தன் பெயர் பதிவாகிறது என்று தெரிந்தாலே வீண் ஆர்வம் பாதி குறைந்துவிடும்.

நான்காவது, வெளியாரின் கண்கள். நம் செயலியின் பக்கங்களில் அழகான எழுத்துருவுக்காக கூகுளின் சர்வரிலிருந்தும், வருகையாளர்களை எண்ணுவதற்காக வேறொரு நிறுவனத்தின் சர்வரிலிருந்தும் சில கோப்புகள் இழுக்கப்பட்டன. அதாவது, ஒருவர் ஜகாத் மனுப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் அவருடைய இணைய எண் அந்த நிறுவனங்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. இதே போன்ற ஒரு வழக்கில், அனுமதி பெறாமல் கூகுள் எழுத்துருவை இழுத்து வருகையாளரின் இணைய எண்ணைக் கசியவிட்ட இணையதளத்துக்கு எதிராக 2022 ஜனவரியில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் தீர்ப்பளித்து, வழக்குத் தொடுத்தவருக்கு 100 யூரோ வழங்கச் சொன்னது. இதற்குத் தீர்வு மிக எளிது. எழுத்துருக் கோப்பை நம் சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். எத்தனை பேர் வந்தார்கள் என்பதை நம் சர்வரின் குறிப்பேட்டிலிருந்தே எண்ணிக்கொள்ளலாம்.

இரண்டாவது: பாதுகாப்பு

பூட்டுகளைச் சரிபார்க்கும்போது நாம் கண்ட ஓட்டைகளையும் அவற்றுக்குச் செய்த தீர்வுகளையும் வரிசையாகச் சொல்கிறோம். பெரும்பாலான ஊர்களில் இவைதான் இருக்கும்.

1. போகும் வழி: முகவரியின் தொடக்கத்தில் ஹெச்டிடிபிஎஸ் இல்லையென்றால், நாம் தட்டச்சு செய்வதெல்லாம் உறையில்லாத தபால் அட்டையைப் போல வழியில் படிக்கப்படலாம். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு இதற்கான சான்றிதழை இலவசமாகத் தருகிறது. அது குறுகிய காலத்துக்குத்தான் செல்லும். எனவே தானாகப் புதுப்பிக்கப்படும்படி அமைத்துவிட வேண்டும்.

2. கடவுச்சொல்: நம் செயலியில் எல்லோருடைய கடவுச்சொல்லும் எழுதியது எழுதியபடியே இருந்தது. பதிவேடு ஒருவர் கைக்குப் போனால், மஹல்லா முழுவதன் கடவுச்சொற்களும் போய்விடும். அதே கடவுச்சொல்லைத்தான் பலர் மின்னஞ்சலுக்கும் வைத்திருப்பார்கள். பிகிரிப்ட், ஆர்கான்2 போன்ற முறைகள், கடவுச்சொல்லைத் திரும்ப எடுக்க முடியாத ஒரு குறியீடாக அரைத்து வைக்கின்றன. அரைத்த மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாதல்லவா? எம்டி5 என்ற பழைய முறை இதற்குப் போதாது. இன்றைய கணினிகள் அதில் நொடிக்குக் கோடிக்கணக்கான ஊகங்களைச் செய்து பார்த்துவிடும்.

3. இரண்டாம் பூட்டு: நிர்வாகிகள் நுழைய கடவுச்சொல்லோடு, செல்போனில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண்ணையும் கட்டாயமாக்கினோம். இதற்கான செயலிகள் இலவசம். இணையத் தொடர்பு இல்லாமலும் இயங்கும். செயலாளரின் கடவுச்சொல் அவருடைய பேரனின் பெயர் என்பது ஊருக்கே தெரிந்தாலும் இனி கவலையில்லை.

4. தேடல் கட்டத்தின் வழியாக வரும் திருடன்: பெயர் எழுத வேண்டிய கட்டத்தில், தரவுத்தளத்துக்கான கட்டளையையே எழுதி, பதிவேட்டை முழுவதும் வெளியே எடுப்பது மிகப் பழைய தந்திரம். பயனர் எழுதுவது தகவல் மட்டுமே, கட்டளை அல்ல என்று பிரித்துவைக்கும் முறை எல்லா நிரல் மொழிகளிலும் உண்டு. கட்டளையை முன்கூட்டியே அமைத்து வைத்துவிட்டு, பயனர் எழுதியதை அதற்குரிய இடத்தில் மட்டும் நிரப்புவார்கள். எழுதித் தருபவரிடம் இதை மறக்காமல் கேளுங்கள்.

5. திறந்து கிடந்த கோப்புறைகள்: ஆதார் நகல்கள் எல்லோரும் அடையக்கூடிய கோப்புறையில் இருந்தன. முகவரி தெரிந்தால் போதும், கடவுச்சொல்லே வேண்டாம். அதைவிட மோசம், முழுப் பதிவேட்டின் நகல் ஒன்று அதே பொது இடத்தில், எளிதில் ஊகிக்கக்கூடிய பெயரில் இருந்தது. பீரோவைப் பூட்டிவிட்டு சாவியை அதிலேயே தொங்கவிட்ட கதைதான். இப்போது அவை பொதுக் கோப்புறைக்கு வெளியே இருக்கின்றன. உரிமை சரிபார்க்கப்பட்ட பிறகே செயலி அவற்றை எடுத்துக் கொடுக்கும்.

6. தேவையில்லாத வாசல்கள்: உலகம் முழுவதும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாக ஒவ்வொரு சர்வரின் கதவையும் தட்டிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு நம் ஊர் பெரியதா சிறியதா என்று தெரியாது. இணையப் பக்கங்களுக்கான 80, 443 ஆகிய வாசல்கள் மட்டும் பொதுவில் திறந்திருந்தால் போதும். தரவுத்தளத்தின் வாசல் வெளியே தெரியவே கூடாது. பராமரிப்புக்கான வாசலில் கடவுச்சொல்லை நிறுத்திவிட்டு, மின்னணுச் சாவி மூலம் மட்டும் நுழைய வைக்க வேண்டும். பலமுறை தவறாகத் தட்டும் முகவரிகளைத் தடுக்க ஃபெயில்2பேன் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

7. புதுப்பித்தல்: கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைக்கவே புதிய பதிப்புகள் வருகின்றன. நம் செயலி பிஹெச்பி 7.4 பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரிலேயே நின்றுவிட்டன. இப்போது சர்வரின் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே நிறுவப்படுகின்றன. மாதத்தின் முதல் ஞாயிறு அன்று ஒருவர் உட்கார்ந்து மற்றவற்றைச் சரிபார்க்கிறார்.

8. நகல்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. நகலைப் பூட்டிய வடிவில்தான் வைக்க வேண்டும். அதன் சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவர் மௌத்தானால் பதிவேடும் அவரோடு போய்விடும். எனவே இருவரிடம் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நகலிலிருந்து பதிவேட்டை மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத நகல் இருந்தும் இல்லாததுதான்.

மூன்றாவது: வேகம்

அந்தரங்கத்துக்கும் பாதுகாப்புக்கும் நடுவே வேகத்துக்கு என்ன இடம் என்று தோன்றலாம். ஆனால் செயலி மெதுவாக இருந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஜகாத் மனுவின் கடைசி நாளில் பக்கம் திறக்காததால், "வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்கம்மா" என்று நம் தன்னார்வலர்களே சொன்னார்கள். ஆதார் நகலும் கடன் விவரமும் பத்து பேர் உள்ள குழுக்களில் சுற்றின. மெதுவான செயலி, மக்களைப் பாதுகாப்பில்லாத வழிக்குத் தள்ளிவிடுகிறது. விலை குறைந்த போனும் மெதுவான இணையமும் வைத்திருக்கும் ஏழைக் குடும்பம்தான் இதில் அதிகம் பாதிக்கப்படுகிறது.

அதிகப் பணம் கொடுத்துப் பெரிய சர்வர் வாங்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தோம். தேவைப்படவில்லை. காரணங்கள் வேறாக இருந்தன.

ஒன்று, ஃபிஹ்ரிஸ்த் இல்லாமை. பெரிய கிதாபில் ஒரு பாடத்தைத் தேட நாம் முதல் பக்கத்திலிருந்து புரட்டுவதில்லை; பொருளடக்கத்தைப் பார்க்கிறோம். 640 குடும்பங்கள், மாதம் ஒரு சந்தா, பத்து ஆண்டுகள் என்றால் 76,800 வரிகள். ஒவ்வொரு முறை ஒருவர் தன் சந்தாவைப் பார்க்கும்போதும் செயலி அத்தனை வரிகளையும் புரட்டிக்கொண்டிருந்தது. குடும்ப எண்ணுக்கு ஓர் அட்டவணையைத் தரவுத்தளத்தில் உருவாக்க அந்தத் தம்பிக்கு ஒரே ஒரு வரி போதுமானதாக இருந்தது.

இரண்டு, வீண் நடை. குடும்பப் பட்டியல் பக்கத்தைத் திறந்தால், செயலி முதலில் பட்டியலைக் கேட்கும். பிறகு ஒவ்வொரு குடும்பத்தின் பாக்கியையும் தனித்தனியாகக் கேட்கும். மொத்தம் 641 முறை. பிரியாணிக்குச் சாமான் வாங்கப் போனவர், பட்டைக்கு ஒருமுறை, கிராம்புக்கு ஒருமுறை, ஏலக்காய்க்கு ஒருமுறை கடைக்கு நடந்தால் எப்படி இருக்கும்? எல்லாவற்றையும் ஒரே சீட்டில் எழுதிக் கேட்கும்படி மாற்றினார்கள்.

மூன்று, கனமான படங்கள். செல்போனில் எடுக்கும் ஒரு படம் சாதாரணமாக 3 முதல் 5 எம்பி வரை இருக்கும். சான்றிதழைப் படிக்க அதில் பத்தில் ஒரு பங்கே போதும். படம் வந்தவுடன் சர்வர் அதைச் சிறிதாக்கிச் சேமிக்கும்படி செய்தோம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. போனில் இருப்பிட வசதி இயங்கிக்கொண்டிருந்தால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகூடப் படக்கோப்புக்குள் எழுதப்பட்டுவிடும். சிறிதாக்கும்போதே அந்தக் குறிப்புகளையும் அகற்றிவிடலாம். வேகமும் கிடைக்கிறது, வீட்டின் இருப்பிடமும் காக்கப்படுகிறது. வெளி எழுத்துருக்களையும் வருகைக் கணக்கையும் நீக்கியபோதும் இதே இரட்டைப் பலன் கிடைத்தது.

நான்கு, ஆக்கி வைத்ததைப் பரிமாறுவது. தொழுகை நேரம், ஜும்ஆ அறிவிப்பு, மௌத் செய்தி ஆகியவை எல்லோருக்கும் ஒன்றுதான். ஒருமுறை தயாரித்து வைத்து, வருபவர்களுக்கெல்லாம் அதையே கொடுக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை மிக அவசியம். வேகத்துக்காகத் தனிப்பட்ட பக்கங்களையும் இப்படிச் சேமித்தால், ஒரு வீட்டின் மனு அடுத்து வருபவரின் திரையில் தோன்றிவிடும். பொதுவானதை மட்டும் சேமியுங்கள். மனு, சந்தா, சான்றிதழ் பக்கங்களுக்கு "இதை எங்கும் சேமிக்காதே" என்ற கட்டளையைச் சர்வர் அனுப்ப வேண்டும்.

இவற்றோடு, சர்வர் அமெரிக்காவில் இருந்தால் ஒவ்வொரு கேள்வியும் கடல் கடந்து போய்வர வேண்டும். மும்பை, சென்னை போன்ற அருகிலுள்ள இடங்களில் சர்வர் எடுத்தால் அந்தத் தாமதமும் குறையும்.

சட்டமும் இருக்கிறது

மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ஆம் ஆண்டு நம் நாட்டில் இயற்றப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. ஒருவரின் தகவலைப் பெறுபவர் எதற்காக என்று சொல்ல வேண்டும். அந்த நோக்கம் முடிந்ததும் அழிக்க வேண்டும். கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். போதிய பாதுகாப்பு செய்யாமல் விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் உண்டு. சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் செய்ய வேண்டியதில்லை. அமானிதத்தில் மோசடி செய்வது நயவஞ்சகனின் அடையாளங்களில் ஒன்று என்ற நபிமொழி நமக்கு அதைவிடப் பெரிய எச்சரிக்கை.

குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

உங்கள் ஜமாஅத்திலும் இப்படி ஒரு செயலி இருந்தால், நிர்வாகத்திடம் மரியாதையோடு இவற்றைக் கேளுங்கள்:

- நாங்கள் கொடுக்கும் மனுவை யார் யார் பார்க்க முடியும்?
- இந்த விவரம் எதற்காகக் கேட்கப்படுகிறது? எப்போது அழிக்கப்படும்?
- பிறர் மனுவைத் திறக்க முடியாது என்று யாராவது சோதித்துப் பார்த்தார்களா?
- செயலியை எழுதியவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டால் அடுத்துப் பராமரிப்பவர் யார்?
- நகல் எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்?

முத்தவல்லி ஐயாமார்களும் நிர்வாகிகளும் இந்தக் கேள்விகளைக் குற்றச்சாட்டாக எண்ண வேண்டாம். பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லலாம். நமக்கும் அன்று தெரியவில்லை. அதேபோல், ஓட்டையைக் கண்டுபிடித்து வந்து சொல்லும் பிள்ளைகளை மிரட்டி அனுப்பாதீர்கள். அந்த மாணவரை நாம் அன்று திட்டி அனுப்பியிருந்தால், அவர் நம்மிடம் சொல்லாமல் நண்பர்களிடம் காட்டியிருப்பார். இன்று அவர் கல்லூரியில் கணினி படிக்கிறார். விடுமுறையில் ஊர் வரும்போதெல்லாம் செயலியைத் திறந்து, தனக்கு உரிமையில்லாத பக்கத்துக்குள் நுழைய முடிகிறதா என்று நம் அனுமதியோடு சோதித்துப் பார்க்கிறார்.

அந்தச் சகோதரியின் மகளுக்கு, ஊரார் சிலர் தனிப்பட்ட முறையில் உதவியதில் நிகாஹ் நல்லபடியாக முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஜமாஅத்தின் மீது அவருக்கு இருந்த நம்பிக்கை இன்னும் திரும்பவில்லை. அதை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. காலமெல்லாம் அமானிதத்தைப் பேணிக் காட்டினால்தான் முடியும்.

ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறுமையில் மறைப்பான் என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி சொன்னார்கள். நம்மிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட வறுமையையும் கண்ணீரையும் கடன் கணக்கையும் மறைத்துக் காக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் எல்லா ஜமாஅத்துகளுக்கும் தந்தருள்வானாக. நம் கவனக்குறைவால் மனம் நொந்தவர்களின் உள்ளங்களை அவனே ஆற்றுவானாக. ஆமீன்.